ஒரு கத்திக்கு மூன்று சொந்தக்காரர்கள்

பம்பாய் மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் தபால்தலை சேர்ப்பவர் ஒருவர் இருந்தார். தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர் ஒருவர் இருந்தார். மூன்றாவது மாடிக்காரர் பழைய கச்சேரி நோட்டீஸ்களை இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருந்தார். அவர்களையெல்லாம் ரசனை உள்ளவர்கள் என்று மெச்சிய அதே வாய்கள், என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டன. நான் சேர்த்தது கத்தி.

கத்தி என்றதும் மிரள வேண்டாம். சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக் கத்திகள்தான். பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் பிறந்தவை. வெள்ளைக்காரர்கள் கப்பலேறும்போது விட்டுப்போனது, மாலுமிகள் கைச்செலவுக்காகத் தள்ளிவிட்டது, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது எல்லாம் கை மாறிக் கை மாறிக் கடைசியில் சோர் பஜார் என்கிற பழைய சாமான் சந்தையில் வந்து விழும். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் நான் கோட்டைப் பகுதியிலிருந்து நேரே அங்கே போய்விடுவேன். ஓடாத கடிகாரங்களுக்கும் சாவி இல்லாத பூட்டுகளுக்கும் நடுவில் ஒரு மான்கொம்புப் பிடி தலை நீட்டினால் போதும், எனக்குப் பசி மறந்துவிடும். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கத்தியை மடக்கும்போது வருகிற அந்த 'டக்' சத்தம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மாஸ்டரை அங்கேதான் சந்தித்தேன். தாராவியில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர். பம்பாயில் தையல்காரர் என்றால் எல்லோருக்கும் மாஸ்டர்தான், எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். ஒரு தட்டில் கிடந்த கத்தியை நான் என் ஆபீஸ் இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதர் கடைக்காரனைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வதுபோல, "மடக்குத வில்லு செத்துப்போச்சி. இதை வாங்குதவன் வெங்காயங்கூட வெட்ட முடியாது" என்றார். அசல் திருநெல்வேலித் தமிழ். நான் கத்தியைக் கீழே வைத்தேன். வெளியே வந்து இருவரும் சேர்ந்து டீ குடித்தோம். அன்று அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய கத்தியைப் பார்த்துத்தான் என்னைப்போல இன்னொருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்ற தைரியம் வந்தது.

அண்ணாச்சி பிறகு வந்து சேர்ந்தார். செம்பூரில் மளிகைக் கடை. அவருடைய பிள்ளைகளுக்கு மாஸ்டர்தான் துணி தைப்பார். கவுன் அளவு கொடுக்க வந்தவர் வெட்டு மேஜையில் பரத்தியிருந்த கத்திகளைப் பார்த்துவிட்டு அளவை மறந்துபோனார் என்பார் மாஸ்டர். ஆள் வாட்டசாட்டம், பெரிய மீசை, பேச்சு குறைவு, பேரத்தில் புலி. ஒரு பொருள் தனக்கு வேண்டுமென்றால் அதை ஒரு நொடிக்குமேல் பார்க்க மாட்டார். பார்த்தால் விலை ஏறிவிடுமாம்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வருவார், கடைக்கு விடுமுறை. மத்தியானம் பாதிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் அந்த நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். புதிதாக அகப்பட்ட சரக்கைக் கைக்குட்டையில் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவன் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மற்றவர்களும் உடனே கேட்கக் கூடாது. மழை, ரேஷன், லோக்கல் வண்டியில் நெரிசல் என்று வேறு எல்லாம் பேசுவோம். கைக்குட்டை மேஜை நடுவில் கிடக்கும். கடைசியில் யாராவது ஒருவர் தாங்க முடியாமல், "சரி, அவுத்துத்தான் காட்டுங்களேன்" என்பார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான்.

பிரித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்போம். அப்புறம் சர்ச்சை. அண்ணாச்சிக்கு எந்தக் கத்தி கிடைத்தாலும் உடனே சாணைக்கல்லில் தேய்த்தாக வேண்டும். வெட்டாத கத்தி எதற்கு என்பது அவர் கட்சி. நூறு வருஷம் அதுபாட்டுக்கு இருந்த அலகைப் புளி உடைக்கிற கத்தி மாதிரி ஆக்குகிறீர்களே என்று நான் கத்துவேன். மாஸ்டருக்கு வேறொரு பைத்தியம். பிடி அசல் கொம்பா, போலியா என்று பார்க்க ஊசியைச் சூடுபண்ணி வைத்துப் பார்ப்பார். ஒரு தடவை அவர் சத்தியம் பண்ணி கொம்பு என்று சொன்ன பிடி செல்லுலாய்டாக இருந்தது. குப்பென்று பற்றிக்கொண்டு, பக்கத்தில் வெட்டிவைத்திருந்த யாருடைய கோட்டுத் துணியிலோ ஓட்டை போட்டது. மாஸ்டர் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்து நண்பர்களையும் கூட்டிவந்தார்.

மிச்சம் விழுந்த லைனிங் துணியில் எங்கள் கத்திகளுக்காக மாஸ்டர் ஒரு சுருள்பை தைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனி அறை, விரித்தால் பட்டுப்போல மின்னும், சுருட்டினால் கையில் அடங்கும். அதைத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இப்படி இருக்கும்போதுதான் என் வேலை விஷயம் வந்தது. மத்திய சர்க்கார் ஆபீசில் நான் பல வருஷமாக டெம்பரரி குமாஸ்தா. பர்மனென்ட் ஆக்குவதற்குக் காகிதம் மேலே போயிருந்தது. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். ஆள் எப்படி, பழக்கவழக்கம் எப்படி, ஏதாவது கேஸ் உண்டா என்று பார்த்து எழுதுவார்கள். அதில் ஒரு கோடு பிசகினாலும் வேலை போய்விடும். என் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். அவள் எதையும் ஒரு தடவைதான் சொல்வாள்.

"ஏன்னா, அந்தப் பேப்பர் வர்ற வரைக்கும் கத்தியெல்லாம் பரண்ல இருக்கட்டுமே" என்றாள்.

"பரண்ல வெச்சா துரு ஏறும்" என்றேன்.

அன்று சாம்பாரில் உப்பு ஒரு கை கூடியிருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தானா அது என் கண்ணில் பட வேண்டும்? ஒரு பழைய கிராமபோன் பெட்டிக்குள் உடைந்த சாமான்களோடு கிடந்தது. ஜெர்மன் கத்தி. கரும்பழுப்பு மான்கொம்புப் பிடி, கைக்கு இதமாக வளைந்திருந்தது. இதில் நகம் வைத்து இழுக்க வேண்டியதில்லை. பிடியின் ஓரத்தில் வெள்ளைப் பித்தளையில் சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதைத் தூக்கி அழுத்தினால் அலகு தானாகப் பாய்ந்து வந்து நிற்கும். படத்தில் பார்த்திருக்கிறேன், கையில் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. பேரம் பேசக்கூட நாக்கு எழவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தேன். கடைக்காரன் சிரித்துக்கொண்டே, போன வாரம் ஒரு பெரிய மீசைக்காரர் இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார் என்றான். செம்பூர் மீசைதான் என்று புரிந்தது. ஒரு நொடிக்குமேல் பார்க்க மாட்டாரே, அவர்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் தாராவியில் இல்லை, அண்ணாச்சி வீட்டில் சாப்பாடு. தைக்கக் கொடுத்த துணியை வாங்கிப்போக அவரே இந்தப் பக்கம் வந்திருந்ததால் மூவரும் சேர்ந்தே ரயிலேறினோம். செம்பூர் வண்டிக்காக வழியில் இறங்கி மாற வேண்டும். வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மடியில் சுருள்பை, சட்டைப்பையில் கைக்குட்டை. மழையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். எங்கள் சம்பிரதாயப்படி நான் செம்பூர் வரை வாய் திறக்கக் கூடாது. ஆனால் நான் என்ன முனிவரா? கைக்குட்டையைப் பிரித்தேன்.

அண்ணாச்சியின் முகம் போன போக்கை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். "இது... இது கிராமபோன் பெட்டியில கெடந்ததுல்லா" என்றார்.

"ஆமாம் அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னு சொன்னதுதான்."

"வேண்டாம்னு எங்க வே சொன்னேன்? இந்த வாரம் போயி வாங்குததுக்குல்லா அப்படிச் சொன்னது."

"சண்டையை அப்புறம் வச்சிக்கிடுவோம். சத்தத்தைக் கேப்போம், சார்" என்று மாஸ்டர் கண்ணை மூடினார்.

நான் லீவரைத் தூக்கி அழுத்தினேன். அலகு பாய்ந்தது. என்ன ஒரு சத்தம்! மாஸ்டர் மூடிய கண்ணோடு சிரித்தார். அவர் கண்ணைத் திறந்தபோது எங்கள் முன்னால் ஒரு கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார்.

அந்த மாதம் லைனில் எங்கேயோ அடிதடி நடந்து, ஸ்டேஷனில் கெடுபிடி அதிகம். பாய்ந்து திறக்கிற கத்தியோடு மூன்று ஆண்கள், மடியில் கனமான ஒரு துணிச்சுருள். நான் கான்ஸ்டபிளாக இருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டேன். பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த போலீஸ் சௌக்கிக்கு எங்களை நடத்திக்கொண்டு போனார். பின்னால் வேடிக்கை பார்க்கிற கும்பல். அதில் மாதுங்கா முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே சப் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மராட்டிக்காரர். சுருள்பையை மேஜையில் விரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார். தங்கநிற மூடி போட்ட பேனாக்கத்தி, முத்துச்சிப்பிப் பிடி போட்ட பெண்கள் கத்தி. இதெல்லாம் மாம்பழம் வெட்டத்தான் ஆகும் என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு லீவர் கத்தியை எடுத்தார். லீவரைத் தட்டினார். அலகு பாய்ந்த வேகத்தில் அவரே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டீ சிந்தியது.

"யே கிஸ்கா ஹை?"

இது யாருடையது? மற்ற இருவரும் போகலாம், இது யாருடையதோ அவன் பெயரில் கேஸ் எழுதுகிறேன் என்றார். சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

எனக்கு அந்தப் பேனாதான் தெரிந்தது. இவர் எழுதுகிற ஒரு வரி என் காகிதத்தைத் தேடிக்கொண்டு போகும். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பரணில் வை என்று சொன்னாள்.

"மேரா ஹை, சாப்." என்னுடையது என்றார் மாஸ்டர்.

நிதானமாக, சட்டைப் பொத்தான் எத்தனை வேண்டும் என்று கேட்கிற குரலில் சொன்னார். தாராவியில் தையல் கடை, சொந்தக் கடை, நூல் அறுக்க வைத்திருக்கிறேன் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலை விஷயம் அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் சொல்கிறார் என்று எனக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான்.

ஆனால் அந்தக் கத்தி நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான். இன்னொருவர் அதைத் தன்னுடையது என்று சொல்வதைக் காது கேட்டது. மூளை தடுப்பதற்குள் வாய் திறந்துகொண்டது.

"நஹி சாப், மேரா ஹை."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவனுக்கு என்ன ஆச்சு என்ற பார்வை. அது போதாதென்று, இடது பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் கட்டைக் குரல் வந்தது.

"தோனோ ஜூட் போல்தா ஹை. ஹமாரா ஹை." இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், என்னுடையது என்கிறார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இந்தியும் மராட்டியும் கலந்து அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "இத்தனை வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தியை மேஜையில் வைத்து யாருடையது என்று கேட்டால் எல்லோரும் என்னுடையது இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் பேண்ட் பையிலிருந்து எடுத்தேன், அந்தப் பேண்டே என்னுடையது இல்லை என்றான். நீங்கள் யார் ஐயா?"

நாங்கள் யார் என்று சொல்வதற்குப் பதிலாக நாங்கள் தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டோம். பிடியின் அடியில் ஒரு கீறல் இருக்கிறது, அதைப் போன வாரமே பார்த்தேன், ஆகவே என்னுடையது என்றார் அண்ணாச்சி. பார்த்தவருக்கெல்லாம் சொந்தமென்றால் தாஜ்மகாலும் உங்களுடையதுதான் என்றேன் நான். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கியளா" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். கான்ஸ்டபிள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒருவருக்கொருவர் காட்டுவோம் என்றேன். காட்டி? பார்ப்போம். பார்த்து? சத்தம் கேட்போம். அவர் கத்தியைக் கையில் எடுத்து மடக்கினார், திறந்தார், இன்னொரு தடவை மடக்கினார். முகத்தில் லேசாக ஒரு மாற்றம். எங்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற முகம். எங்கே வைத்துக்கொண்டுவிடுவாரோ என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது.

கடைசியில் அவர் கேஸ் எழுதவில்லை. ஆனால் கத்தியைச் சும்மா தர முடியாது, இனிமேல் தெருவில் எடுத்துவர மாட்டேன் என்று ஒருவர் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவரிடம்தான் கொடுப்பேன் என்றார். "ஒருவர்தான். முடிவு பண்ணிச் சொல்லுங்கள்."

இந்தத் தடவை வாய் தானாகப் பேசவில்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது.

"மாஸ்டருடையதுதான் சாப்" என்றேன். சொல்லும்போது வலித்தது. பொய் சொல்வதாக நினைத்து வந்த வலி இல்லை, கத்தி போய்விட்டதே என்ற வலிதான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, "ஹாங், உஸ்கா ஹை" என்று அவருடையதுதான் என ஒப்புக்கொண்டார். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எதுக்கு சார் வாயைத் தொறந்திய? ஒங்க வேலைக்காகத்தானே நான் ஏத்துக்கிட்டேன்" என்றார் மாஸ்டர்.

"தெரியும் மாஸ்டர். நீங்க என்னுதுன்னு சொன்னது காதுல விழுந்ததும் பொறுக்கலை."

மாஸ்டர் அண்ணாச்சியைப் பார்த்தார். "சரி, ஒங்களுக்கு என்ன வந்துச்சி?"

"எனக்கும் பொறுக்கலடே" என்றார் அண்ணாச்சி. மூவரும் சிரிக்க ஆரம்பித்தோம். செம்பூர் வண்டி வந்து நின்று போனதைக்கூடக் கவனிக்கவில்லை. அண்ணாச்சி வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. அவர் மனைவி எனக்காகத் தனியாக வைத்திருந்த கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

விசாரணைக்கு ஆள் வந்தார், பக்கத்து வீடுகளில் கேட்டார், போனார். மழைக்காலம் முடிவதற்குள் பர்மனென்ட் உத்தரவு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா மார்க்கெட்டில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். அண்ணாச்சியும் வந்திருந்தார். இனிப்பு சாப்பிட்டு முடித்ததும் மாஸ்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்த வெல்வெட் துண்டில் வைத்திருந்த லீவர் கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து, பிடி பளபளவென்றிருந்தது.

"வேலைதான் ஸ்திரமாயிட்டே. இனி இது ஒங்களுது. எடுத்துக்கிடுங்க, சார்."

இதற்காக நான் எத்தனை இரவு ஏங்கியிருப்பேன்! ஆனாலும் உடனே கை நீட்டிவிட முடியுமா? இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழும்போது வேண்டாம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைப்போமே, அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருக்கிறது.

"சேச்சே, உங்க பேர்லதானே இருக்கு மாஸ்டர். நீங்களே வெச்சுக்கோங்கோ" என்றேன்.

சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை அவர் வற்புறுத்துவதற்காகக் காத்திருந்தேன். அண்ணாச்சி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். லீவரைத் தூக்கி அலகை ஒரு தடவை பாயவிட்டார். கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு மடக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி சார், நீங்க சொன்னாச் சரி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து, சௌக்கி விஷயத்திலிருந்து ஆரம்பித்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். ஒரு மனுஷன் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொண்டுவிடுவதா, இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்துபோகும் என்றேன். அவள் குழந்தைக்குத் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"சௌக்கியில அவர் என்னுதுன்னு சொன்னதும் நீங்க குறுக்கே பேசினேள். இன்னிக்கு நீங்களே வெச்சுக்கோங்கோன்னு நீங்க சொன்னதும் அவர் குறுக்கே பேசலை. அவ்வளவுதானே?" என்றாள்.